ஆகாயப் பிரயாணமும் செவி நோவும்

1783-ம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ந் தேதி, ஷார்ல் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி பாரிஸ் நகரத்தினின்று ஹைட்ரஜன் வாயு நிரப்பிய பலூனில் ஏறி வானத்தில் சஞ்சரித்தார். அன்று மாலையே இரண்டாம் முறை தனியாகக் கிளம்பிச் சுமார் 3,000 மீட்டர் உயரம் விரைந்து எழும்பிய அவர், காதில் கடும் வலி கண்டு, வாயுவை வெளியேற்றிக் கீழே இறங்கினார். மனிதன் பறக்கத் தொடங்கிய வருஷத்திலேயே செவி நோவும் அவனுடன் பறக்கத் தொடங்கிவிட்டது.

இன்று ஆகாய விமானம் தனவந்தருக்கு மட்டும் உரிய வாகனமன்று. பிழைப்பு நாடிக் கடல் கடக்கும் தொழிலாளிகளும், கைக்குழந்தையோடு தாய்மாரும் அதில் ஏறுகின்றனர். முதன் முறையாகச் செல்லும் ஒருவர், விமானம் இறங்கத் தொடங்கியதும் காது அடைத்து, ஊசியால் குத்துவதுபோல் வலிக்க, தமக்கு ஏதோ விபரீதம் நேர்ந்துவிட்டதென்று அஞ்சுகிறார். இதற்குக் காரணம் யாது?

செவிப்பறைக்கு உட்புறத்தில் காற்று நிறைந்த சிறு அறையொன்று உண்டு. அங்கிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு நுண்ணிய குழாய் செல்கிறது. சாதாரணமாக மூடியிருக்கும் இக்குழாய், நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறந்து, உள்ளும் புறமும் காற்றின் அழுத்தத்தைச் சமப்படுத்துகிறது. விமானம் மிக உயரத்தில் பறந்தாலும், அதன் அறைக்குள் அழுத்தம் சுமார் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குக் கீழே போகாதபடி காக்கப்படுகிறது. இது உதகமண்டலத்தைவிடச் சற்றே அதிகமான உயரம். ஏறுங்கால், செவியினுள் உள்ள காற்று விரிந்து, தானே வழி கண்டு வெளியேறும். இறங்குங்காலோ, வெளிக்காற்று உட்புக வேண்டும். குழாயைத் திறந்தாலன்றி அது புகாது. செவிப்பறை உட்புறமாக அழுந்துகிறது, அதுவே நோவு. ஜலதோஷம் கண்டவர்க்கு இக்குழாய் வீங்கி அடைபடுவதால் துன்பம் பன்மடங்காகும்.

பரிகாரமோ செலவற்றது. விமானம் இறங்கத் தொடங்குமுன் தூக்கத்தினின்று எழுந்துவிட வேண்டும். மிட்டாய் சுவைத்து அடிக்கடி உமிழ்நீரை விழுங்கினால் போதும். அதிலும் தீராவிடின், மூக்கைப் பிடித்து வாயை மூடி மெல்ல ஊதலாம். 18-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இம்முறையை விவரித்த இத்தாலிய வைத்தியர் வால்சால்வாவின் பெயரை அது இன்றும் தாங்கி நிற்கிறது. பலமாக ஊதுவது ஆபத்து. குழந்தைக்கு அந்நேரம் பாலூட்டுவது நலம். வீறிட்டழும் சிசுவையும் அதன் தாயையும் முகம் சுளித்து நோக்குவோர், அக்குழந்தை தன் வலியைச் சொல்ல வேறு மொழி அறியாது என்பதை நினைத்துப் பார்ப்பாராக! கடும் ஜலதோஷம் உள்ளவர்கள் கூடுமானால் பிரயாணத்தை ஒத்திப் போடுவதே விவேகம். இறங்கிய பின்னும் வலி நீங்காவிடில் வைத்தியரை நாட வேண்டும்.

ஆனால் பிரயாணியின் ஜாக்கிரதை மட்டும் போதாது. 2018-ம் வருஷம் செப்டம்பர் 20-ந் தேதி மும்பையினின்று ஜெய்ப்பூருக்குக் கிளம்பிய விமானத்தில், அறைக்குள் அழுத்தத்தைக் காக்கும் சுவிட்சைப் போட ஓட்டிகள் மறந்தனர். 166 பிரயாணிகளில் சுமார் 30 பேர் மூக்கிலும், சிலர் காதிலும் ரத்தம் கசியத் துன்புற்றனர். விமானம் மும்பைக்கே திரும்பிற்று. செவியைக் காப்பது உபசாரமன்று, உயிர்க் காப்பின் ஒரு பகுதி என்பதை உணர்த்த இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இடுப்பு வார் கட்டும் விதத்தை ஒவ்வொரு முறையும் சொல்லிக் காட்டும் விமானக் கம்பெனிகள், இறங்குமுன் உறங்குவோரை எழுப்பி, "விழுங்குங்கள், குழந்தைக்குப் பாலூட்டுங்கள்" என்று பிரயாணிகளின் தாய்மொழியில் இரண்டு வாக்கியம் சொல்வதில் என்ன நஷ்டம்? டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவன் ஆசனத்துக்கு மட்டுமன்று, அறிவுக்கும் உரியவன். அதைக் கேட்டுப் பெறுவது நம் கடமை. கேளாமலே கொடுப்பது அவர்கள் கடமை.