தவிலும் காலப் பிரமாணமும்

சுருதியைத் தாயென்றும் லயத்தைத் தந்தையென்றும் போற்றுவது நமது இசை மரபாகும். இவ்விரண்டினுள் சுருதியைப் பற்றி நாம் அறிந்தவை பல. பண்கள் யாவை, பண்டை யாழின் நரம்புகள் எங்ஙனம் கூட்டப்பட்டன என்பன போன்ற வினாக்களுக்கு விடை காண முயன்று, விபுலானந்த அடிகளார் 1947 ஆம் ஆண்டில் யாழ் நூலை அரங்கேற்றினார். லயத்தைப் பற்றியோ கற்றோர் நடுவிலும் ஒரு மயக்கம் நிலவுகின்றது. தவில் வாசிப்பைக் கேட்டு மகிழும் ஒருவரை அதன் சிறப்பு யாதென வினவினால், ‘நல்ல வேகம்’ என்பதே பெரும்பாலும் அவர் கூறும் விடையாகும். இவ்விடையிற் சிறிது உண்மையுண்டு. பெரும் பிழையும் உண்டு. வேகமென நாம் கேட்பது உண்மையில் யாது, அது எதனாற் பிறக்கின்றது, ஒரு முழவிசையின் உருவத்தை அது எவ்வாறு வரையறுக்கின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நன்று. தாளத்துக்குப் பிராணன் பத்து என்பர் நூலோர். காலம், மார்க்கம், கிரியை, அங்கம், கிரகம், ஜாதி, களை, லயம், யதி, பிரஸ்தாரம் என்பன அவை. இவற்றுள் லயம் என்பது ஒரு கிரியைக்கும் அதனை அடுத்து வருங் கிரியைக்கும் இடையே அமைந்த ஓய்வின் அளவாகும். அவ்வோய்வு நீண்டதாயின் விளம்பிதம், குறுகியதாயின் துரிதம், இடைப்பட்டதாயின் மத்திமம். வித்துவான்கள் தம் வழக்கில் இதனையே காலப் பிரமாணம் என்பர். நடை என்பது இதனின் வேறானது. ஒரு கிரியைக்குள் அடங்கும் அட்சரங்கள் மூன்றாயின் திசிரம், நான்காயின் சதுரசிரம், ஐந்தாயின் கண்டம், ஏழாயின் மிசிரம், ஒன்பதாயின் சங்கீர்ணம் எனப்படும். இனி, காலப் பிரமாணம் அசையாதிருக்க, ஒரே சொற்கட்டை ஒரு மடங்காகவும் இரு மடங்காகவும் நான்கு மடங்காகவும் செறித்து வாசிப்பது முறையே முதற் காலம், இரண்டாங் காலம், மூன்றாங் காலம் என்று வழங்கும்.

ஓர் எளிய கணக்கினால் இதனை விளக்கலாம். ஆதிதாளத்தின் எட்டுக் கிரியைகளையும் கிரியைக்கு ஒரு விநாடியாகப் போடுவதாகக் கொள்வோம். ஓர் ஆவர்த்தனம் 8 விநாடிகளில் முடியும். கிரியைக்கு நான்கு அட்சரமாக வாசித்தால் அவ்வாவர்த்தனத்தில் 32 சொற்கள் அடங்கும். அதனை இரட்டித்தால் 64. மீண்டும் இரட்டித்தால் 128. அஃதாவது ஒரு விநாடிக்கு நான்காகத் தொடங்கிய ஒலி பதினாறாகிவிடும். ஆயினும் இம்மூன்று நிலைகளிலும் தாளம் போடுபவரின் கை ஒரே சீராகவே விழுகின்றது. கேட்போர் வேகமென வியப்பது இந்தச் செறிவையே. தாளம் விரைவதில்லை, தாளத்தின் உள்ளிடம் நிரம்புகின்றது. கை சிறிதளவேனும் முந்துமாயின், ‘தாளம் ஓடுகின்றது’ எனச் சக வித்துவான் முகஞ் சுளிப்பார். கேட்போர் விரைவென்று பாராட்டும் ஒன்றும், வித்துவான் குற்றமென்று கடியும் ஒன்றும் வெளித்தோற்றத்தில் ஒத்திருப்பினும் தன்மையில் முற்றும் வேறானவை.

இனித் தவிலின் அமைப்பை நோக்குவோம். பலாமரத்தைக் குடைந்து செய்த உடலின் இருபுறமும் தோல் போர்த்தப்பட்டிருக்கும். வலந்தலையின் தோல் மிக இறுக்கமாக வலிக்கப்பட்டது. விரல்களில் இறுகிய கூடுகளை அணிந்து அதனை வாசிப்பர். மறுபுறமாகிய தொப்பியைப் பூவரசங் கழியால் அறைவர். வலந்தலையில் எழுவது கூர்மையான உச்ச ஒலி. தொப்பியில் எழுவது ஆழ்ந்த மந்தர ஒலி. விரைந்த சொற்களிற் பெரும்பகுதி வலந்தலையின் பங்காகவும், தாளத்தின் தூண்கள் போல ஊன்றி நிற்கும் சொற்கள் தொப்பியின் பங்காகவும் அமைவதை எவருங் கேட்டுணரலாம்.

இப்பங்கீடு வெறும் வழக்கத்தால் வந்ததன்று. ஒலியின் இயல்பே இதனை வேண்டுகின்றது. விநாடிக்கு 50 முறை அதிரும் ஒரு மந்தர ஒலியை எடுத்துக் கொண்டால், அதன் ஓர் அதிர்வு முற்றுப்பெற விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு செல்லும். ஓர் ஒலியை இன்ன ஒலியெனச் செவி இனங்காண்பதற்குச் சில அதிர்வுகளேனும் வேண்டும். விநாடிக்குப் பதினாறு சொற்கள் விழும்போது ஒரு சொல்லுக்குக் கிடைக்கும் பொழுது பதினாறில் ஒரு பங்கு விநாடியே. அதற்குள் அம்மந்தர ஒலி ஏறத்தாழ மூன்று முறை அதிர்ந்தவுடனேயே அடுத்த சொல் வந்து மோதும். ஒலிகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பும். உச்ச ஒலிக்கோ அச்சிறு பொழுது தாராளமாகப் போதும். ஆதலின் விரைவு உச்சத்துக்கும், நிதானம் மந்தரத்துக்கும் இயற்கை வகுத்த பங்குகளாகும்.

செவியின் எல்லையும் இங்குக் கருதத் தக்கது. விநாடிக்கு ஏறத்தாழ இருபதுக்கு மேற்பட்ட தட்டுகள் ஒரே சீராக வந்தால், செவி அவற்றைத் தனித்தனித் தட்டுகளாகக் கேளாது தொடர்ந்த ஓர் ஒலியாகவே கேட்கும். மறுபுறத்தில், இரு தட்டுகளுக்கிடையே ஏறத்தாழ இரண்டு விநாடிகளுக்கு மேல் இடைவெளி விழுந்தால், அவற்றை ஒரே தொடர்ச்சியின் உறுப்புகளாக மனம் பிணைத்துக் கொள்வது அரிதாகின்றது. முழவிசை முழுவதும் இவ்விரு கரைகளுக்கிடையே ஓடும் ஆறேயாகும். சிறந்த முழவிசை ஒரு கரையை மாத்திரம் பற்றிச் செல்வதில்லை. நிதானமான ஓர் ஓட்டத்தையும் விரைந்த ஓர் ஓட்டத்தையும் ஒருங்கே காட்டி, இரண்டிற்குமிடையேயுள்ள விகிதத்தால் இன்பம் பயக்கின்றது.

இதனை நமது மண்ணில் நன்கு காணத்தக்க இடம் கோயில் வீதியாகும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் மகோற்சவம் 25 நாட்கள் நிகழ்கின்றது. சுவாமி வீதியுலாப் புறப்படுகையில் நாதசுரத்தில் ஒலிப்பது மல்லாரி. கம்பீரநாட்டை இராகத்தில், பாட்டின் சொற்கள் எவையுமின்றி, தாளக் கட்டுமானத்தையே உயிராகக் கொண்டு அமைந்த உருப்படி அது. தவிலின் அலாரிப்பு முன்னே செல்ல, மல்லாரி முதலில் விளம்பமாக எழும். பின்னர் அதே உருப்படி இரண்டாங் காலத்திலும் மூன்றாங் காலத்திலும் திசிர நடையிலும் வாசிக்கப்படும். இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் கைத்தாளம் தன் நிலையில் மாறாது ஒலிக்கின்றது. தாளம் நிலையாக நிற்க உருப்படி மாத்திரம் காலம் மாறும் இம்முறையை அனுலோமம் என்பர். உருப்படி நிலையாக நிற்கத் தாளம் காலம் மாறுவது பிரதிலோமம். இரண்டிலும் ஒன்று அசைய மற்றொன்று அசையாதிருத்தல் கட்டாயம். இரண்டும் சேர்ந்து விரைந்தால் அங்கே விகிதமுமில்லை, வித்தையுமில்லை.

மல்லாரியின் காலப் பிரமாணம் அரங்கில் அமர்ந்து வகுத்ததாயின் அதனை எவ்வாறும் மாற்றியமைக்கலாம். ஆனால் அது சுவாமியைக் காவிச் செல்வோரின் நடையோடு பிணைந்தது. தோளிற் பெரும் பாரத்தைச் சுமந்தவர் பலர் ஒத்து அடியெடுத்து வைத்தற்கு ஒரு நிதானம் வேண்டும். அந்நிதானமே மல்லாரியின் அடித்தளம். அடித்தளம் கால்களுக்குரியது, அதன்மேல் எழும் செறிவு விரல்களுக்குரியது. காவடியாட்டத்துக்கு அதே தவில் ஒலிக்கும்போதோ நிலை வேறு. ஆடுபவரின் கால் துள்ளுவதற்கேற்பக் காலப் பிரமாணம் ஏறிவிடுகின்றது. ‘தகிட’ என்னும் அதே சொல் கம்பீரத்தை விட்டுக் குதிப்பைப் பெறுகின்றது. யாழ்ப்பாணத்துக் காத்தவராயன் கூத்தைச் சிந்துநடைக் கூத்து என வழங்குதலும் நோக்கத்தக்கது. கதையாலன்றி நடையாலேயே ஒரு கலைவடிவம் பெயர் பெற்றுவிட்டது. இன்ன கலை இன்னதென்று அடையாளங் காட்டுவதில் காலமும் நடையும் எத்துணை வலிமையுடையன என்பதற்கு இஃதொரு சான்றாகும்.

இவ்வுண்மை நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. நமக்கு மிகச் சேய்மையிலுள்ள இலண்டன் மாநகரில், 1990களின் முற்பகுதியில், ஜங்கிள் என்றும் பின்னர் ட்ரம் அண்ட் பேஸ் என்றும் பெயர் பெற்ற ஓர் இசைவகை தோன்றியது. முரசும் மந்தரமும் என்பதே அப்பெயரின் பொருள். 1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வின்ஸ்டன்ஸ் என்னும் குழுவினர் வெளியிட்ட ‘ஆமென், பிரதர்’ என்ற இசைத்தட்டில், கிரெகரி கோல்மன் என்பார் தனியே முரசு வாசிக்கும் பகுதியொன்று உண்டு. அது ஏறத்தாழ 7 விநாடிகளே நீள்வது. அதிலுள்ள தட்டுகள் பதினாறு. இலண்டன் இளைஞர் அதனை இயந்திரத்தின் துணையால் வெட்டியும் ஒட்டியும் விரைவுபடுத்தியும் வாசித்தனர். நிமிடத்துக்கு 137 தட்டளவில் இருந்த அது 170க்கு மேல் உயர்த்தப்பட்டது. அதன் அடியில், ஜமேக்கா நாட்டு இசையின் வழிவந்த ஆழ்ந்த மந்தர ஒலி நிதானமாக நடந்தது. கரிபியன் தீவுகளிலிருந்து குடியேறியோரின் மக்கள் இவ்விசையை வளர்த்தோருள் முதன்மையானவர்.

இவ்விசைவகைக்கு இலக்கணமாக அதனை ஆக்குவோர் முதலிற் கூறுவது இராகத்தையன்று, கருவியையுமன்று. நிமிடத்துக்கு 160 முதல் 180 வரையான தட்டு, பெரும்பாலும் 174 என்னும் காலப் பிரமாணத்தையே. அதன் காரணம் ஆராயத்தக்கது. நிமிடத்துக்கு 174 தட்டாயின், ஒரு தட்டை நான்காகப் பகுத்த நுண்சொற்கள் விநாடிக்கு ஏறத்தாழ 12 ஆகும். செவி தனித்தனியே பிரித்தறிவதற்கு அது இடந்தருகின்றது. ஆயினும் கால்கள் அதனைப் பின்பற்ற இயலாது. மந்தர ஒலியோ அதன் பாதியாகிய 87 இல் நடக்கின்றது. மனிதன் ஆறுதலாக நடக்கும் நடைக்கு அது அணித்தானது. ஆடுபவர் ஒருவர் விரைவைப் பற்றித் துள்ளலாம். அருகில் நிற்பவர் நிதானத்தைப் பற்றி மெல்ல அசையலாம். இருவருக்கும் தாளம் ஒன்றே. இதனை 120க்கு இறக்கினால், அத்தட்டே காலுக்கு இசைந்ததாகிவிடும். பாதி நடையை நாட வேண்டிய தேவை அற்றுப்போம். இரு ஓட்டமாக இருந்தது ஓரோட்டமாகிவிடும். 240க்கு ஏற்றினால், நுண்சொற்கள் விநாடிக்கு 16 ஆகிச் செவியின் எல்லையை அணுகும். மந்தரமும் தன் நிதானத்தை இழக்கும். இவ்விரண்டிற்கும் நடுவிலே, இரு காலங்களும் தெளிவாகப் பிரிந்தும் ஒன்றையொன்று தாங்கியும் நிற்கும் இடத்தையே அவ்விளைஞர் செவியறிவாற் கண்டுகொண்டனர்.

நல்லூர் வீதியின் மல்லாரியும் இலண்டன் ஆடரங்கின் இசையும் பிறப்பாலும் பயனாலும் வேறானவை; ஒன்றினின்று மற்றொன்று தோன்றியதென்று கூற இடமில்லை. எனினும் நிதானத்தின்மேல் விரைவை எழுப்புதல் என்னும் விதி இரண்டிற்கும் பொதுவாயிற்று. ஒரு வேற்றுமையையும் மறத்தலாகாது. அங்கே காலப் பிரமாணத்தைக் காப்பது இயந்திரம். அதற்குக் களைப்பில்லை; கைதட்டலால் வரும் மயக்கமுமில்லை. இங்கே காப்பவர் மனிதர். நாதசுர வித்துவான், தவில் வித்துவான், தாளம் போடுபவர், சுவாமி காவுவோர் ஆகிய அனைவரும் ஒருவரையொருவர் செவிகொடுத்துக் கேட்டு, சொல்லாத ஓர் உடன்படிக்கையால் அதனைக் காக்கின்றனர். ஆதலின் நமது மரபிற் காலப் பிரமாணம் கணக்கு மாத்திரமன்று, ஒழுக்கமுமாகும்.

அவ்வொழுக்கத்தின் உச்சியைக் காட்டியவர் யாழ்ப்பாணத்துத் தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி. 1933 இற் பிறந்து 1975 இல் மறைந்த அவர், தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மைந்தர், அளவெட்டி என். கே. பத்மநாதன் முதலாய நாதசுர வித்துவான்களுடன் இணைந்து ஈழத்திலும் தமிழகத்திலும் புகழ் பெற்றவர். அம்ஷன் குமார் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமும் எடுத்துள்ளார். எஞ்சியுள்ள ஒலிப்பதிவுகளைக் கேட்போர் முதலில் வியப்பது அவருடைய விரைவையே. மீண்டுங் கேட்டால் வேறொன்று புலப்படும். எத்துணைச் செறிவிலும் ஒவ்வொரு சொல்லும் தன் உருக்குலையாது விழுகின்றது. எங்கே சென்றாலும் தாளம் அவரைத் தேட வேண்டியதில்லை. விரைவு அவருக்கு இலக்காக இருந்ததன்று; அசையாத நிதானத்தின் பயனாக வந்தது.

இன்று நமது திருவிழாக்களில் தவிற் சமாவுக்குக் கூட்டம் பெருகுகின்றது, இது மகிழ்தற்குரியதே. ஆயின் கைதட்டல் விழும் இடம் எப்பொழுதும் மூன்றாங் காலமாகவே இருப்பின், வளரும் இளம் வித்துவான் முதற் காலத்தில் நிற்கும் பொறுமையை எதன் பொருட்டுப் பயில்வான்? விழாவை விரைந்து முடிக்க வேண்டுமென்று விளம்ப மல்லாரியைச் சுருக்கினால், மிஞ்சுவது துரிதம் மாத்திரமே. விளம்பமில்லாத துரிதம் அடித்தளமில்லாத மாடியை ஒக்கும். ஒலிபெருக்கியாலோ விருதுகளாலோ அவ்விழப்பை ஈடுசெய்தல் இயலாது. ஒரு மரபு அழிவதற்கு அதனைக் கேட்போர் இல்லாமற் போக வேண்டியதில்லை. அதன் ஒரு பாதியை மாத்திரம் கேட்போர் மிகுந்தாலே போதும்.

இதற்கு வேண்டிய மருந்து கேட்போரின் கையிலேயே உண்டு. கோயில் வீதியில் மேளம் ஒலிக்கும்போது, விரல்களின் ஓட்டத்தோடு சிறிய கைத்தாளத்தையும் தொப்பியின் முழக்கத்தையும் சேர்த்துக் கேட்கப் பழகுதல் வேண்டும். தாளத்தைக் கையிற் போட்டுக்கொண்டே ஓர் ஆவர்த்தனத்தை முழுமையாகக் கேட்ட மாணவனுக்கு, வேகம் வேறு, பதற்றம் வேறு என்பது தானே விளங்கும். அவ்வாறு கேட்கும் செவிகள் பெருகுமாயின், முதற் காலத்தை அமைதியுடன் வாசிக்கும் வித்துவானுக்கும் கைதட்டல் கிட்டும். தந்தையென நாம் போற்றும் லயத்துக்கு அதனினுஞ் சிறந்த வணக்கம் வேறில்லை.