உங்களுக்குத் தெரியுமா? படத்துக்குக் கீழே இருக்கும் வரி

● 2000 செப்டம்பர் 30 அன்று நியூயார்க் டைம்ஸில் ஒரு படம் வந்தது. முகத்தில் ரத்தம் வழிய ஓர் இளைஞர் குனிந்திருக்கிறார். பின்னால் ஓர் இஸ்ரேலியக் காவலர், கையில் தடி, வாய் பிளந்து கத்துகிறார். டெம்பிள் மவுண்ட்டில் ஓர் இஸ்ரேலியக் காவலரும் ஒரு பாலஸ்தீனரும் என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள். பார்ப்பவர் வேறு என்ன நினைப்பார்? அடித்தது காவலர், அடிபட்டது பாலஸ்தீனர் என்றுதான். உண்மையில் அந்த இளைஞர் சிகாகோவைச் சேர்ந்த யூத மாணவர். டாக்ஸியிலிருந்து அவரை இழுத்துப்போட்டு அடித்தது ஒரு பாலஸ்தீனக் கும்பல். காவலர் கத்தியது அந்தக் கும்பலை விரட்டுவதற்கு. படத்தின் பின்பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் தெரிகிறது. ஜெருசலேமின் புனிதத் தலமான டெம்பிள் மவுண்ட்டில் பெட்ரோல் பங்க் ஏது? படத்தை அனுப்பிய ஏ.பி. செய்தி நிறுவனத்திலும் அதை யாரும் கவனிக்கவில்லை, அச்சேற்றிய இடத்திலும் கவனிக்கவில்லை. மாணவரின் அப்பா கடிதம் எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

● இதற்கு நேர் எதிர்ப்பக்கத்துக் கதை 2022 மே 11 அன்று மேற்குக்கரையின் ஜெனினில் நடந்தது. அல் ஜஸீராவின் மூத்த நிருபர் ஷிரீன் அபு அக்லே, பிரஸ் என்று எழுதிய கவச உடையோடு நின்றிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். பாலஸ்தீனத் துப்பாக்கிக்காரர்கள் சுட்டிருக்கலாம் என்றது இஸ்ரேல் அரசு. அதற்கு ஆதாரம்போல, சந்தில் நின்று சுடும் ஒருவரின் வீடியோ பரவியது. பெட்செலம் என்ற இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பின் ஆய்வாளர் அன்றே அந்த இடத்துக்குப் போனார். வீடியோவில் இருந்த சந்திலிருந்து ஷிரீன் விழுந்த இடம்வரை கேமராவோடு நடந்தார். நடுவில் சுவர், வீடு, திருப்பம், மறுபடியும் சுவர். அங்கிருந்து சுட்டால் இங்கே பட வழியே இல்லை. இஸ்ரேல் ராணுவத்தின் குண்டு தவறுதலாகப் பட்டிருக்க வாய்ப்பு அதிகம் என்று அந்த ராணுவமே சொன்னது, செப்டம்பர் 5 அன்று. நான்கு மாதம் கழித்து வந்த அந்த ஒப்புதலுக்கு, முதல் நாள் மறுப்புக்குக் கிடைத்த இடம் கிடைக்குமா?

● தமிழ்ச் செய்தியில் 'பலி' என்று ஒரு சொல் இருக்கிறது. இரண்டே எழுத்து, தலைப்பில் அழகாக அடங்கிவிடும். 'காசாவில் 40 பேர் பலி', 'பேருந்து வெடித்து 20 பேர் பலி'. கொன்றது யார் என்று இரண்டிலும் இல்லை. குண்டு தானாக விழாது, பேருந்தும் தானாக வெடிக்காது. இரவு ஷிஃப்டில் நானும் இந்தச் சொல்லை எத்தனையோ முறை போட்டுப் பக்கத்தை முடித்து அனுப்பியிருக்கிறேன். இன்று நினைத்தால் நெஞ்சு உறுத்துகிறது. விமானத்திலிருந்து குண்டு போட்டது இஸ்ரேல் என்றோ, குண்டைக் கட்டிக்கொண்டு பேருந்தில் ஏறியவரை அனுப்பியது ஹமாஸ் என்றோ தெரிந்திருந்தால், அதைத் தலைப்பிலேயே சொல்லத்தான் வேண்டும். இடம் போதாது என்பதெல்லாம் சாக்கு.

● கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கிரெக் ஃபைலோவும் மைக் பெர்ரியும் பிரிட்டிஷ் டி.வி. செய்திகளை ஆராய்ந்து 2004-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். 'ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகள்' என்று தினமும் செய்தியில் கேட்கிறீர்களே, யார் ஆக்கிரமித்தது என்று மாணவர்களிடம் கேட்டிருந்தார்கள். ஆக்கிரமித்தது இஸ்ரேல் என்று சரியாகச் சொன்னவர்கள் 9 சதவீதம். பாலஸ்தீனர்கள்தான் ஆக்கிரமித்தார்கள் என்றவர்கள் 11 சதவீதம்! பெரும்பாலானோருக்குத் தெரியவே இல்லை. அந்த மாணவர்கள் மேல் தப்பில்லை. கல்லெறிதலும் கண்ணீர்ப்புகையும் தினமும் திரையில் வந்தன. 1948-இல் என்ன நடந்தது, 1967-இல் என்ன நடந்தது என்பது வரவில்லை.

● ஐ.நா. பாதுகாப்பு அவையின் 242-ஆம் தீர்மானம், 1967 நவம்பர் 22. அந்த ஆண்டுப் போரில் பிடித்த பிரதேசங்களிலிருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்பது அதில் ஒரு வரி. ஆங்கில வாசகத்தில் 'பிரதேசங்கள்' என்பதற்கு முன்னால் 'தி' இல்லை. ஆகவே எல்லாவற்றிலிருந்தும் விலகத் தேவையில்லை என்பது இஸ்ரேலின் வாதம். பிரெஞ்சு வாசகத்தையோ 'அந்தப் பிரதேசங்கள்' என்றே படிக்க இடமுண்டு. போரால் நிலம் சேர்ப்பதை ஏற்க முடியாது என்று அதே தீர்மானத்தின் முகப்புரை சொல்வதையும் அரபு நாடுகள் எடுத்துக்காட்டுகின்றன. தமிழில் இதை எப்படிப் பெயர்ப்பது? நமக்குத்தான் 'தி' கிடையாதே. 'எல்லாப் பிரதேசங்களும்' என்றால் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவோம், 'சில பிரதேசங்கள்' என்றால் மறுபக்கம். வெறுமனே 'பிரதேசங்கள்' என்று விட்டால் அரை நூற்றாண்டைத் தாண்டிய வழக்கு வாசகர் கண்ணிலேயே படாது. கூடவே ஒரு வரி விளக்கம் போடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

● பெயர்களிலும் இதே சிக்கல்தான். 1948 போர் இஸ்ரேலியருக்குச் சுதந்திரப் போர், பாலஸ்தீனருக்கு நக்பா, அதாவது பேரழிவு. மேற்குக்கரையை இஸ்ரேல் அரசு 'யூதேயா, சமாரியா' என்கிறது. மேற்குக்கரையில் எழுப்பியது ஒரு தரப்புக்குப் 'பாதுகாப்பு வேலி', மறு தரப்புக்கு 'இனஒதுக்கல் சுவர்'. அதன் நீளத்தில் பெரும்பகுதி கம்பிவேலி. ஊர்களை ஒட்டிய பகுதிகளில் 8 மீட்டர்வரை உயர்ந்த கான்கிரீட்.

● 2023 அக்டோபர் 17, காசாவின் அல் அஹ்லி மருத்துவமனை. இஸ்ரேல் தாக்குதலில் நூற்றுக்கணக்கானோர் சாவு, பாலஸ்தீனர்கள் தகவல் என்று நியூயார்க் டைம்ஸின் இணையத் தலைப்பு ஓடியது. பாலஸ்தீன ஆயுதக் குழுவான இஸ்லாமிய ஜிஹாத்தின் ராக்கெட் தவறி விழுந்ததுதான் என்றது இஸ்ரேல். அமெரிக்க உளவுத்துறையின் மதிப்பீடும் அப்படியே. இஸ்லாமிய ஜிஹாத் மறுத்தது. ஹமாஸின் கூற்றையே அதிகம் சார்ந்துவிட்டோம் என்று அக்டோபர் 23-இல் அந்த நாளிதழ் ஆசிரியர் குறிப்பு வெளியிட்டது.

● மறு மாதம் பி.பி.சி. சறுக்கியது. அல் ஷிஃபா மருத்துவமனைக்குள் நுழைந்த இஸ்ரேல் படையோடு மருத்துவக் குழுக்களும் அரபி பேசுபவர்களும் இருந்தார்கள் என்பது ராய்ட்டர்ஸ் செய்தி. மருத்துவக் குழுக்களையும் அரபி பேசுபவர்களையும் படை குறிவைக்கிறது என்று நேரலையில் வாசித்துவிட்டார்கள். பிறகு மன்னிப்புக் கேட்டார்கள்.

● 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இறந்தவர்கள் 1,400 பேர் என்று முதலில் சொன்ன இஸ்ரேல், அந்த நவம்பரில் அதைச் சுமார் 1,200 ஆகக் குறைத்தது. எரிந்துபோன சடலங்களில் தாக்க வந்தவர்களுடையவையும் இருந்தன. 251 பேர் பணயக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். காசா தரப்பில், 2025 அக்டோபர் போர்நிறுத்தத்தின்போது சுகாதார அமைச்சின் சாவுக் கணக்கு 67,000-ஐத் தாண்டியிருந்தது. அந்தக் கணக்கு போராளியையும் பொதுமக்களையும் பிரிப்பதில்லை, இதைச் சொல்ல வேண்டும். அமைச்சு ஹமாஸ் நிர்வாகத்தில் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் முந்தைய போர்களில் அதன் மொத்தக் கணக்கு ஐ.நா.வின் கணக்கோடு பெரிதும் ஒத்துப்போனது என்பதை மட்டும் விட்டுவிட்டு எழுதினால் அது நியாயமா?

● 2023 கடைசியில் ரமல்லாவைச் சேர்ந்த கருத்துக்கணிப்பு மையம் ஒன்று பாலஸ்தீனரிடம் கேட்டது. அக்டோபர் 7-இல் ஹமாஸ் செய்தவற்றின் வீடியோவைப் பார்க்கவில்லை என்றவர்கள் 85 சதவீதம். இஸ்ரேலின் முக்கிய எபிரேயச் சேனல்களோ காசாவில் குழந்தைகள் சாவதை மிகக் குறைவாகவே காட்டின. அதைக் கண்டித்து எழுதியவர்களும் இஸ்ரேலியப் பத்திரிகையாளர்களே. அடுத்தவர் வீட்டுச் சாவு நம் திரைக்கே வராவிட்டால் மனம் எப்படி இளகும்?

● அல் ஜஸீராவைத் தன் நாட்டுக்குள் இஸ்ரேல் 2024 மே மாதம் மூடியது. எட்டு மாதத்துக்குள், 2025 ஜனவரி 1 அன்று, பாலஸ்தீன அதிகார சபையும் தடை போட்டது.

● 2014 காசா போரில், நிருபர்களை ஹமாஸ் மிரட்டுகிறது, விசாரிக்கிறது என்று ஜெருசலேமின் வெளிநாட்டுப் பத்திரிகையாளர் சங்கம் கண்டித்தது. 2023 போரில் அதே சங்கம் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, வெளிநாட்டு நிருபர்களைக் காசாவுக்குள் சுதந்திரமாக விடுங்கள் என்று கேட்டு. 2024 ஜனவரியில் மனு தள்ளுபடியானது. ராணுவம் கூட்டிப்போனால் மட்டும் பார்க்கலாம்.

● எனவே நாம் பார்க்கும் காசாப் படங்கள் அநேகமாக எல்லாமே அந்த ஊர்க்காரர்கள் எடுத்தவை. 2025 ஜூலையில் பிரெஞ்சுச் செய்தி நிறுவனமான ஏ.எஃப்.பி.யின் பத்திரிகையாளர் அமைப்பு ஓர் அறிக்கை விட்டது. 1944-இல் நிறுவனம் தொடங்கியதிலிருந்து சண்டைகளில் சகாக்களை இழந்திருக்கிறோம், ஆனால் ஒரு சகா பட்டினியால் சாவதைக் கண்டதாக எங்களில் யாருக்கும் நினைவில்லை என்றார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தெம்பில்லாதவர்கள் அன்றும் படம் அனுப்பினார்கள். அன்று இரவும் எங்கோ ஒரு டெஸ்க்கில் யாரோ அதற்குக் கீழே ஒரு வரி எழுதினார்.