காற்று மோட்டர் வாங்கப் போகிறீர்களா?



மண் இல்லாமல், உரம் கரைத்த தண்ணீரில் மரக்கறி வளர்க்கும் முறை நம்முடைய லயங்களுக்கும் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்து விவசாயப் பாடத்தில் பிள்ளைகள் படித்துவிட்டு வந்து சொல்ல, பெரியவர்கள் இஸ்தோப்பில் ஒரு ரெஜிபோம் பெட்டியை வைத்து, கறுப்புப் பொலித்தீன் விரித்து, அல்பேர்ட் கரைசலை ஊற்றி, சலாதும் கங்குனும் நட்டுப் பார்க்கிறார்கள். நல்ல காரியம்தான். முன்னால் மூன்றடி வாசல், பின்னால் கான். இதில் பாத்தி கட்ட எங்கே இடம்? 2022இல் மரக்கறி விற்ற விலையும் நமக்கு மறந்து போகவில்லை.

ஆனால் இதோடு சேர்ந்து ஒரு செலவும் வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த முறை எழுதுகிறேன்.

மேற்பிரிவில் கொழுந்தெடுக்கும் ஒரு தங்கச்சி போன மாதம் ஆபீசுக்கு ஒரு பெட்டியைக் கொண்டு வந்தார். "ஐயா, இது தண்ணிக்குக் காத்து விடுற மோட்டராம். போட்டா சத்தம் மட்டும்தான் வருது, முட்டை வரல்ல" என்றார். பிரித்துப் பார்த்தால் அது காற்று மோட்டரே இல்லை. தண்ணீருக்குள் முக்கி வைத்துத் தண்ணீரை மேலே தள்ளும் மோட்டர். இரண்டு ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்கு எடுத்த கொழுந்தின் பணம் அதில் போயிருந்தது. அதைவிடக் கவலை என்னவென்றால், அவர் வீட்டில் இருந்தது ஆறு சலாதுச் செடி உள்ள ஒரு சின்னப் பெட்டி. அதற்கு எந்த மோட்டரும் தேவையில்லை.

ஏன் தேவையில்லை என்று கேட்பீர்கள். செடியின் வேரும் நம்மைப் போல மூச்சு விடுகிறது, அதற்கும் ஒட்சிசன் வேண்டும். மண்ணில் மண் கட்டிகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. தண்ணீரில் அப்படி இல்லை, கரைந்திருக்கும் கொஞ்சம்தான். ஒரு லீற்றர் காற்றில் ஏறக்குறைய 280 மில்லிகிராம் ஒட்சிசன் இருக்கிறது. ஒரு லீற்றர் தண்ணீரிலோ 20 பாகை வெப்பத்தில் 9 மில்லிகிராம்தான் நிற்கும். தண்ணீர் சூடாகச் சூடாக அதுவும் குறையும், 30 பாகையில் ஏழரைதான். அதனால்தான் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் வெயில் படும் இடத்தில் வைத்த பெட்டியில் வேர் சீக்கிரம் அழுகுகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்று மெலிசு. ஆனாலும் தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் 15 பாகையில் 8 மில்லிகிராம் அளவு நிற்கும். அந்த வகையில் மலையில் இருக்கும் நமக்குக் குளிர் ஒரு உதவிதான்.

வேருக்கு மூச்சு முட்டுகிறதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். மூடியைத் தூக்கிப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக இருக்கும், மணம் இருக்காது. காற்றுப் போதாத வேர் பழுப்பாகி, தொட்டால் வழவழ என்று கையோடு வரும், கான் நாற்றம் அடிக்கும். அப்படியான செடி காலில் தண்ணீர் இருக்கும்போதே மத்தியானத்தில் வாடி நிற்கும். அதைப் பார்த்துவிட்டு மேலும் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் பலர்.

மோட்டர் இல்லாமல் செய்யும் வழி மிக லேசு. ஹவாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார்ட் கிராட்கி என்பவர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். ஆரம்பத்தில் கோப்பையின் அடி தண்ணீரில் படும் அளவுக்கு நிரப்ப வேண்டும். செடி குடிக்கக் குடிக்கத் தண்ணீர் இறங்கும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே உண்டாகும் வெற்றிடத்தில் மேல் வேர்கள் காற்றைப் பிடித்துக்கொள்ளும், கீழ் வேர்கள் தண்ணீரைக் குடிக்கும். நாம் செய்யும் பிழை, தண்ணீர் குறைந்துவிட்டதே என்று மறுபடி விளிம்பு வரைக்கும் நிரப்பிவிடுவது. காற்றுக்குப் பழகிய வேர் அப்போது மூழ்கி மூச்சு முட்டிச் செத்துவிடும். ஊற்றத்தான் வேண்டும் என்றால் அடியில் கொஞ்சமாக ஊற்றி, மேலே நாலு விரல் இடம் விடுங்கள். ஒரு சலாதுச் செடி பிடுங்கும் வரைக்கும் சுமார் 4 லீற்றர் குடிக்கும். அந்தக் கணக்கில் பெட்டி பெரிதாக இருந்தால் நடுவில் ஊற்றும் வேலையே இல்லை.

அப்படியானால் மோட்டர் யாருக்கு? தக்காளி, கறிமிளகாய் போல மாதக்கணக்கில் நிற்கும் பெரிய செடியை வாளியில் வளர்ப்பவர்களுக்கு. வெப்பமான பகுதியில் இருப்பவர்களுக்கு. ஒரே பெட்டியில் நெருக்கமாக நட்டவர்களுக்கு. இவர்கள் வாங்கத்தான் வேண்டும்.

வாங்குவது மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடையில். கேட்க வேண்டியது காற்று மோட்டர், அதாவது தண்ணீருக்கு வெளியே இருந்து மெல்லிய டியூப் வழியாகக் காற்றை அனுப்புவது. தண்ணீர் மோட்டரும் அதே தட்டில், அதே மாதிரிப் பெட்டியில்தான் இருக்கும். அந்தத் தங்கச்சி ஏமாந்தது அங்கேதான். காற்று மோட்டரில் டியூப் மாட்டும் வாய் சுண்டு விரலைவிட மெல்லிசாக இருக்கும், அடையாளம் அதுதான்.

பெட்டியின் மேல் இரண்டு கணக்கு எழுதியிருக்கும். முதலாவது, எவ்வளவு காற்று. நிமிடத்துக்கு இத்தனை லீற்றர் என்று ஒரு கம்பனி போடும், மணிக்கு இத்தனை லீற்றர் என்று இன்னொரு கம்பனி போடும். மணிக்கு 150 என்பது பெரிதாகத் தெரியும், 60ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு இரண்டரைதான். பொதுவாகச் சொல்லும் கணக்கு, 4 லீற்றர் தண்ணீருக்கு நிமிடத்துக்கு அரை லீற்றர் காற்றாவது வேண்டும் என்பது. 20 லீற்றர் வாளி ஒன்றுக்கு இரண்டரை லீற்றர் வரும். இரண்டு வாளி என்றால் இரண்டு வாய் உள்ள, 5 லீற்றர் தரும் மோட்டர் ஒன்று போதும். உயரமான தோட்டத்தில் காற்று மெலிசு என்று சொன்னேன் அல்லவா, அங்கே இருப்பவர்கள் இந்தக் கணக்கைவிட ஒரு படி கூட்டி வாங்கினால் நல்லது.

இரண்டாவது கணக்கு அழுத்தம். இதைப் பலர் பார்ப்பதில்லை. பெட்டியில் எம்.பி.ஏ. என்ற எழுத்தோடு 0.012 என்ற மாதிரி இருக்கும். 0.01 என்றால் ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரைத் தள்ளும் சக்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். நமது வாளி ஒரு அடிதான், அதனால் 0.012 தாராளம். நீல நிறப் பெரிய பீப்பாயில் செய்கிறவர்கள் மட்டும் இதைக் கவனிக்க வேண்டும். ஆழம் கூடக் கூடக் காற்றின் அளவு குறையும். பெட்டியில் போட்டிருப்பது தண்ணீரே இல்லாமல் அளந்த அளவு.

"பெரிசா வாங்கிட்டாப் போச்சு" என்று சிலர் நினைக்கிறார்கள். மீன் பண்ணைக்காரர் வைத்திருக்கும் பெரிய மோட்டர் 35 வாட் அளவு இழுக்கும். இரவு பகலாக ஓடினால் மாதம் 25 யூனிட். சின்ன மோட்டர் 3 வாட், மாதம் இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. யூனிட் கூடினால் யூனிட்டின் விலையும் கூடும் என்பது கரண்ட் பில் கட்டும் எல்லோருக்கும் தெரியும். சலாது விற்றுக் கரண்ட் பில் கட்டும் நிலை வரக்கூடாது.

மோட்டரோடு டியூப், நுனியில் மாட்டும் காற்றுக்கல், ஒருவழி வால்வு ஆகிய மூன்றையும் சேர்த்து வாங்குங்கள். கல் நுண்ணிய முட்டைகளாகப் பிரித்து விடும். முட்டை மேலே வந்து தண்ணீரைக் கலக்குவதால்தான் ஒட்சிசன் அதிகம் கரைகிறது. சில மாதத்தில் உப்புப் படிந்து கல் அடைத்துவிடும், அப்போது மோட்டர் பழுது என்று நினைத்துத் தூக்கி எறிய வேண்டாம், முதலில் கல்லைக் கழற்றிப் பாருங்கள்.

ஒருவழி வால்வு மிகச் சின்னச் சாமான், விலையும் சொற்பம். அது இல்லாமல் நான் பட்டதைச் சொல்கிறேன். என் வீட்டில் வாளியை ஸ்டூலில் வைத்து, மோட்டரைக் கீழே சீமெந்துத் தரையில் வைத்திருந்தேன். ஒரு நாள் இரவு இடி மழை, கரண்ட் போய்விட்டது. காற்று நின்றதும் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி இறங்க ஆரம்பித்திருக்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் வாளியில் பாதி இல்லை, மோட்டருக்குள் உரத் தண்ணீர், பக்கத்தில் பிளக் பலகை ஈரத்தில் கிடக்கிறது. "நல்ல வேளை, விடியும் மட்டும் கரண்ட் வரல்ல" என்றார் வீட்டில். சின்னப் பிள்ளை வெறுங்காலோடு முதலில் எழும்பி நடக்கும் வீடு அது.

ஆகவே மோட்டரை எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, சுவரில் ஆணி அடித்து மாட்டுங்கள். வால்வை டியூப்பில் போடும்போது வாயால் ஊதிப் பார்க்க வேண்டும். மோட்டர் பக்கமிருந்து ஊதினால் காற்றுப் போகும், வாளிப் பக்கமிருந்து ஊதினால் போகக்கூடாது. ஒயர் பிளக்குக்குப் போகும் முன் ஊஞ்சல் கயிறு மாதிரிக் கீழே வளைந்து போகட்டும். ஒயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பல்ப் ஹோல்டரில் இருந்து ஒயர் இழுப்பது, சாரல் அடிக்கும் இஸ்தோப்பில் பிளக் பலகையைத் தரையில் போடுவது, இரண்டும் வேண்டவே வேண்டாம். அப்படித்தான் செய்ய முடியும் என்றால் மோட்டரை மறந்துவிட்டுச் சலாது மட்டும் போடுங்கள்.

இன்னொன்று, சத்தம். லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கமும் மனிதர்கள் தூங்குகிறார்கள். மோட்டருக்குப் பின்னால் பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய ஒரு துண்டை வைத்தால் சுவர் அதிராது.

கரண்ட் இல்லாத நேரத்துக்கும் யோசித்து வையுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடு முழுக்கவே இருட்டானது என்று சொன்னார்கள். நம் பக்கத்தில் குரங்கு வேண்டியதில்லை, ஒரு சவுக்கு மரம் விழுந்தால் போதும். அதனால் மோட்டர் இருந்தாலும் மேலே நாலு விரல் இடம் விடும் பழக்கத்தை விடாதீர்கள், அந்த மேல் வேர்தான் செடியைக் காப்பாற்றும். விளிம்பு மட்டும் நிரப்பியவர்கள் சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மக்கால் மொண்டு உயரத்தில் இருந்து ஊற்றிக் கலக்க வேண்டி வரும்.

மோட்டர் ஓடுகிறது என்பதற்காக டெங்கு நுளம்பை மறந்துவிடவும் வேண்டாம். மூடியில் உள்ள ஓட்டை எல்லாம் செடிக் கோப்பையால் அடைபட்டிருக்க வேண்டும், டியூப் போகும் துளையைச் சுற்றிப் பஞ்சு வையுங்கள். செடி பிடுங்கிய ஓட்டையை அன்றைக்கே அடைத்துவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாமல் உங்கள் வாளியையே கொண்டு போங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. தண்ணீர் ஊற்றச் சொல்லி, கல்லை அடியில் போட்டு, மோட்டரை ஓட விட்டுப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள், முதலில் கிழிவது அதுதான். அந்த மேற்பிரிவுத் தங்கச்சியோடு நானும் கடைக்குப் போனேன். பெட்டியும் பில்லும் இருந்ததால் கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பாதிப் பணத்தைத் திருப்பித் தந்தார். மீதிக்கு இரண்டு பக்கெட் அல்பேர்ட் உரம் வாங்கிக்கொண்டு வந்தோம்.