பூனாகலை: காமன் பொட்டலும் பிரதேச சபையும்

அந்தக் காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்கு விடிந்ததைத் தெரிவித்தது தப்பு மேளம். இருட்டோடு எழுந்து, பிரட்டுக்களத்துக்கு ஆள் கூட்ட அடிப்பார்கள். அதே தப்புதான் சாவுக்கும் சாமிக்கும் கூத்துக்கும். பண்டாரவளையிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும் மலைப்பாதையில் இருக்கிற பூனாகலையிலும், ஊவாவின் மற்றத் தோட்டங்களிலும் கலை என்பது உழைப்போடும் துக்கத்தோடும் கலந்தே கிடந்தது.

மாசியில் மூன்றாம் பிறை கண்டதும் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுவார்கள். அப்புறம் ராத்திரியானால் கம்பம் நட்ட காமன் பொட்டலில்தான் சனம். பனிக்குத் தப்பின் தோல் தொய்ந்துவிடும். கவ்வாத்தில் வெட்டிய தேயிலை மிலாறைக் குவித்துத் தீ மூட்டி, வட்டமாக நின்று காய்ச்சுவார்கள். விரலால் சுண்டிப் பார்த்து, ஓசை கணீரென்று வந்த பிறகே அடி தொடங்கும். சிவன் கண் திறந்து மன்மதன் எரியும் இரவில் ரதி அழுவாள். அது புராணத்து ரதியின் அழுகை என்று பெண்கள் ஒதுங்கி நின்று பார்த்ததில்லை, கூடவே அழுதார்கள். ஆனால் அந்த ரதி வேடமும் ஆண்களுக்கே உரியதாக இருந்தது. விடிய விடியத் தப்படித்தவருக்குச் சாதியின் பேரால் மரியாதை மறுக்கப்பட்டதும் உண்டு. அன்றையதெல்லாம் பொற்காலம் என்று எழுதிவிட முடியாது.

இதற்கெல்லாம் செலவழித்தவர்கள் தொழிலாளர்களே. சம்பளத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று பிடித்துத் திருவிழா நடந்தது; வசூல் போட்டுக் கூத்து நடந்தது. 1948இல் குடியுரிமையைப் பறித்த அரசிடமிருந்து கலைக்கு மட்டும் காசு வருமா? 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தபோது, பாட்டுத் தெரிந்தவர் ஒரு கப்பலில் போக, ஆட்டம் தெரிந்தவர் இங்கேயே நின்றார். எழுதி வைக்காத கலைக்கு அது பெரிய அடி. சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தோட்டம் தோட்டமாகப் பாடல்களைத் திரட்டாமல் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவோ போயிருக்கும். பதுளைப் பக்கத்துத் தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப், இந்த மக்களின் வாழ்வைக் கதைகளில் காப்பாற்றினார். எல்லாம் தனி மனிதர்களின் பாடு. எந்த உள்ளூராட்சிச் சபையும் அதற்குத் தோள் கொடுக்கவில்லை.

கொடுக்க நினைத்தாலும் சட்டம் விடவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபை நிதியைச் செலவிடக் குறுக்கே நின்றது. தோட்டத்து வாக்கு சபைக்கு வந்தது. சபையின் ரூபாய் தோட்டத்துக்கு வரவில்லை. ரோட்டுக்கும் தண்ணீருக்கும் இதுவே கதி என்றால் கூத்துக்கு யார் கேட்பது? நீண்ட போராட்டத்தின் பின் 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதன் பலன் காலூன்றும் முன்பே, 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே மாதத் தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலே நிர்வாகம் ஓடியது.

இன்று பிரட்டுக்குத் தப்புத் தேவையில்லை. பிள்ளைகள் பலர் கொழும்பில் வேலையில் இருக்கிறார்கள். மாசியில் லீவு கிடைத்தால்தான் வேடம் கட்ட ஆள். ஆனாலும் கலை செத்துவிடவில்லை. சில தோட்டங்களில் காமன் கம்பம் இன்றும் ஏறுகிறது. பள்ளிக்கூட மேடைகளில் பெண்பிள்ளைகள் ஆடுகிறார்கள். தப்பை எங்கள் அடையாளம் என்று இளைஞர்கள் தலை நிமிர்ந்து சொல்கிறார்கள். 2023இல், மலையக மக்கள் இங்கு வந்து இருநூறு ஆண்டானதைக் குறித்த ‘மலையகம் 200’ நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் அந்தப் பெருமிதத்தை நாடறியச் செய்தார்கள்.

குறைவது ஆர்வமல்ல, இடம். பக்கத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்து குடும்பங்கள் வீடிழந்தன. இப்படிப் பெயர்ந்தவர்களுக்கு 7 பேர்ச்சஸ் காணியும் ஒரு வீடும் என்றுதான் திட்டங்கள் கணக்குப் போட்டன. வீடு கட்டாயம் வேண்டும். ஆனால் ஒரு லயத்துச் சனம் கூடுகிற பொட்டலுக்கும் அந்தக் கணக்கில் இடம் வேண்டும். அது இல்லாமல் குடியேற்றினால் கூத்து தங்குவதற்கு நிலமே இராது.

ஆகவே பிரதேச சபை கலைக்கென்று பத்தாண்டுத் திட்டம் தீட்டுமானால் முதல் வரி நிலமாக இருக்கட்டும். தோட்டக் காணி இன்னும் கம்பனிகளின் குத்தகையில் இருப்பதால், காமன் பொட்டல்களையும் விளையாட்டு மைதானங்களையும் நிர்வாகத்தோடு பேசிப் பொது இடங்களாகச் சபையின் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இரண்டாவது, வாத்தியார். தப்பும் கூத்துப் பாட்டும் அறிந்த மூத்தவர்களுக்கு மாதக் கொடுப்பனவு கொடுத்து, வார இறுதியில் பிள்ளைகளுக்குப் பழக்கச் சொல்ல வேண்டும். அந்த வகுப்பில் ஆண், பெண், சாதி என்ற பேதமே கூடாது. மூன்றாவது, பதிவு. விடிய விடிய நடக்கும் கூத்தை முழுமையாகப் படம் பிடித்துச் சபை நூலகத்தில் வைக்க வேண்டும். கலாபூஷணம் போன்ற அரச விருதுகளுக்குத் தோட்டத்துக் கலைஞர் தமிழிலேயே விண்ணப்பிக்க, பிரதேச செயலகக் கலாசார உத்தியோகத்தரோடு சேர்ந்து உதவ வேண்டும்.

ஆண்டுக்கொரு விழா நடத்திப் பொன்னாடை போர்த்துவதோடு நின்றால் போதாது. விழா ஒரு நாளில் முடிந்துவிடும். கற்றுக்கொண்ட பிள்ளையோ ஐம்பது வருடம் அடிப்பான், ஆடுவாள். தோட்டத்து வாக்கில் வென்று சபையில் அமர்ந்திருக்கும் உறுப்பினர்களே, சட்டத்தின் தடை இப்போது இல்லை. அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் தோட்டக் கலைக்கென்று ஒரு தலைப்பைத் திறந்து, பணம் ஒதுக்குங்கள்.