பட்டா வேறு, பத்திரம் வேறு... உங்கள் வீட்டுச் சொத்து ஆவணத்தில் இருக்கும் பழைய சொற்களுக்கு என்ன அர்த்தம்?

"பட்டா நம்ம பேர்லதான் இருக்கு. வீட்டு வரியும் நாமதான் கட்டுறோம். அப்புறம் யார் வந்து என்ன கேட்க முடியும்?"

சொத்துப் பேச்சு எழும்போது பல வீடுகளில் கேட்கும் வாதம் இது. ஆனால் வழக்கு என்று வந்துவிட்டால் இந்த வாதம் மட்டும் போதாது. நம் சொத்து ஆவணங்களில் இருக்கும் சொற்கள் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒன்று, 'வரி கட்டுவது யார்?' என்று கேட்பது. இன்னொன்று, 'சொத்து யாருடையது?' என்று சொல்வது. இரண்டையும் ஒன்றாக நினைக்கும் இடத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

வரிக்காகப் பிறந்த சொற்கள்

பட்டா, சிட்டா, அடங்கல், கிஸ்தி, பசலி, ஜமாபந்தி... இவையெல்லாம் வருவாய்த்துறையின் சொற்கள். மதராஸ் மாகாணத்தில் தாமஸ் மன்றோ காலத்தில் வேரூன்றிய ரயத்துவாரி முறையில், இடையில் ஜமீன்தார் இல்லாமல் விவசாயியிடமே அரசு நேரடியாக வரி வாங்கியது. எந்த நிலத்துக்கு யார், எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் காட்டிய சீட்டுதான் பட்டா.

ஒரு பட்டாதாரருக்கு ஊரில் எங்கெங்கே, எவ்வளவு நிலம், அது நஞ்சையா புஞ்சையா என்று சொல்வது சிட்டா. தமிழகத்தில் 2015 முதல் பட்டாவும் சிட்டாவும் ஒரே ஆவணமாகிவிட்டன. எந்தப் புலத்தில், எந்த ஆண்டு, என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பதிவேடு அடங்கல். 'கிஸ்தி' என்றால் தவணை. தவணையாகக் கட்டிய நிலவரிக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கிராமக் கணக்குகளை ஆண்டுக்கு ஒரு முறை தணிக்கை செய்வது ஜமாபந்தி.

பழைய ரசீதில் 'பசலி 1400' என்று இருந்தால் குழம்ப வேண்டாம். பசலி என்பது அறுவடையை ஒட்டிய வருவாய் ஆண்டு. ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1400 என்றால் 1990 ஜூலை முதல் 1991 ஜூன் வரை.

வருவாய்ப் பதிவேட்டில் பெயர் இருப்பது மட்டுமே சொத்துரிமையைத் தந்துவிடாது, அது வரி வசூலுக்கான பதிவு என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. அதற்காகப் பட்டா வீண் என்று அர்த்தமில்லை. அனுபவத்தில் இருப்பதைக் காட்ட அது நல்ல சான்று. ஆனால் பத்திரத்தின் இடத்தை அது நிரப்பாது.

புறம்போக்கு, தரிசு, நத்தம்

வரிக்கணக்குக்கு வெளியே விடப்பட்ட நிலம் புறம்போக்கு. ஏரி, வாய்க்கால், மந்தைவெளி, மயானம் எல்லாம் இதில் வரும். 'தீர்வை ஏற்பட்ட தரிசு' என்ற சொல்லில் பலர் ஏமாறுகிறார்கள். தீர்வை, அதாவது வரி, நிர்ணயிக்கப்பட்டிருந்தாலும் அது அரசு நிலம்தான். நத்தம் என்பது ஊர் மக்கள் குடியிருக்க ஒதுக்கப்பட்ட பகுதி. அதைப் புறம்போக்கோடு சேர்த்துக் குழப்பக் கூடாது.

'பி மெமோ கட்டுறோம், அதனால இடம் எங்களுடையது' என்பதும் தவறான நம்பிக்கை. அது 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் ஆக்கிரமிப்புக்காக விதிக்கப்படுவது. அந்த ரசீது, இடம் அரசுடையது என்பதற்குத்தான் சாட்சி.

பஞ்சமி நிலத்திலும் கவனம் வேண்டும். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்கீர் 1891-ல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்ட நிலங்கள் இவை. அந்தச் சமூகத்தைச் சேராதவர் இவற்றை வாங்கினால், அந்தக் கிரயம் செல்லாமல் போகும்.

உரிமை சொல்லும் சொற்கள்

'யாருடையது?' என்ற கேள்விக்குப் பதில் பத்திரத்தில் இருக்கிறது. 'சர்வ சுதந்திர பாத்தியதையாய்' என்றால் முழு உரிமையோடு. 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' என்றால் பிள்ளை, பேரன் என்று வழிவழியாக. 'தானாதி வினிமய விற்கிரயங்களுக்கு யோக்கியமாய்' என்றால் தானம் கொடுக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் தகுதியோடு.

பழைய பத்திரங்களில் 'நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம்' என்றும் வரும். புதையல், தண்ணீர், கல் உட்பட எட்டு வகைப் பலன்களைச் சொல்லும் 'அஷ்டபோகம்' இது. பத்திரத்தில் அப்படி எழுதியிருந்தாலும், 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்!

கிரயப் பத்திரமும் கிரய ஒப்பந்தமும் ஒன்றல்ல. 'விற்கிறேன்' என்பது கிரயம். 'விற்பதாக ஒப்புக்கொள்கிறேன்' என்பது ஒப்பந்தம். ஒப்பந்தத்தால் மட்டும் சொத்து கைமாறாது. 'பவர்' வாங்கிவிட்டாலே சொத்து சொந்தமாகிவிடாது என்பதையும் 2011-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

இன்றைக்கா, காலத்துக்குப் பிறகா?

வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கு இதுதான் முக்கியம். உயில், எழுதியவரின் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். தான செட்டில்மென்ட் அப்படியல்ல. பதிவாகி, பெறுபவர் ஏற்றுக்கொண்டதும் சொத்து கைமாறிவிடும். பிறகு மனம் மாறினாலும், எழுதிக்கொடுத்தவர் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது.

அதனால், பிள்ளைகளுக்கு செட்டில்மென்ட் எழுதும் பெற்றோர், 'எங்கள் ஆயுள்வரை இந்த வீட்டில் குடியிருந்து அனுபவிப்போம்' என்ற உரிமையையும், தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதிவைப்பது நல்லது. அப்படி எழுதியும் பிள்ளைகள் கைவிட்டால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் 23-வது பிரிவின்படி, பத்திரத்தை ரத்து செய்யக் கோரி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுகலாம்.

'சும்மா ஒரு கையெழுத்து'

விடுதலைப் பத்திரம் என்பது, சொத்தில் பங்குள்ள ஒருவர் தன் பங்கை இன்னொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுப்பது. 'சும்மா ஒரு கையெழுத்துதான்மா' என்று சகோதரிகளிடம் நீட்டப்படும் காகிதம் பெரும்பாலும் இதுதான். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு என்பதைத் தமிழகம் 1989-லேயே சட்டமாக்கியது, அதற்கு முன் திருமணமானவர்களைத் தவிர்த்து. 2005-ல் மத்திய சட்டத் திருத்தம் அந்த விலக்கும் இல்லாமல் உரிமை தந்தது. கையெழுத்திட்டால் அந்தப் பங்கு போய்விடும். 'பணம் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதியிருந்தால், அது உண்மையிலேயே கைக்கு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வில்லங்கச் சான்றில் 'வில்லங்கம் இல்லை' என்று வந்தால், கேட்ட காலத்துக்குள் பதிவான பரிமாற்றம் எதுவும் இல்லை என்றுதான் அர்த்தம். பதிவாகாத உயிலையும், வாய்மொழிப் பேச்சையும் அது காட்டாது. எனவே தாய்ப்பத்திரம் தொடங்கி இன்றுவரை சொத்து யாரிடமிருந்து யாருக்கு, எப்படி வந்தது என்று சங்கிலியாகப் பார்க்க வேண்டும்.

பட்டாவையும் வில்லங்க விவரத்தையும் அரசு இணையதளங்களில் கைப்பேசியிலேயே பார்க்கலாம். பத்திரத்திலும் பட்டாவிலும் சர்வே எண், பரப்பளவு, பெயர் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று ஒப்பிடுங்கள். பத்திரத்தில் ஒரு சொல் புரியவில்லை என்றால், எழுதியவரிடமோ வழக்கறிஞரிடமோ கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன்பு கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.