தனியொருவன் பாய்மரம் நிறுத்துமாறு

மரக்காணத்து உப்பளங்களை அடுத்தோடும் பக்கிங்காம் கால்வாயில் முன்னாளிற் பாய்த்தோணிகள் சரக்கேற்றிச் சென்றன. தாழ்ந்த பாலம் எதிர்ப்படின் பாய்மரத்தைச் சாய்த்து மீண்டும் நிறுத்தல் வேண்டும். இதனைத் தனியொருவன் செய்யுமாறு காண்போம்.

அடியிற் கீல் பொருத்திப் பின்புறம் கிடத்திய மரத்தின் தலைக்கயிற்றைத் தளத்தையொட்டி இழுப்பின், விசை அடியை உந்துமேயன்றித் தலையை உயர்த்தாது. ஆதலின் அடியில் மரத்திற்குச் செங்குத்தாகக் குறுங்கோலொன்றைப் பிணித்து, கயிற்றை அதன் முனைவழியே முகப்பிலுள்ள உருளைக்குச் செலுத்துக. கீலுக்கு நேராக இருபுறமும் கட்டிய கயிறுகள் மரம் பக்கஞ்சாயாது காக்கும். உருளையின் ஆரம் 2 அங்குலமும் கைப்பிடி 12 அங்குலமுமாயின், உராய்வு நீங்கலாகக் கைவிசை 6 மடங்காகும். தொடக்கத்திற் பளு மிகுதி. மரம் நிமிர நிமிரக் குறையும்.

இடையிற் கை நழுவின் மரம் வீழும். கைப்பிடி பின்சுழன்று எலும்பை முறிக்கும். அதனைத் தடுக்கும் பற்சக்கரமும் நாக்கும் முதற்கண் அமைக்கத்தக்கன. தனியொருவனுக்குத் துணையாள் அந்நாக்கே.