இசை பயில ஓர் அறை

தில்லியில் மனை வாங்கி வீடு கட்ட முனையும் நம்மவர், வரைபடத்தில் முதலில் குறிப்பது விருந்தினர் கூடத்தையே. ஆண்டுக்கு நான்கு முறை வருவோருக்கு அரை வீடு. நாள்தோறும் வீணை பயிலும் மகளுக்குப் படுக்கையறையில் ஒரு மூலை! அண்டை வீட்டார் முகம் சுளித்ததும் அப்பயிற்சியும் நின்றுவிடுகிறது. ஊரிலிருந்து அரும்பாடுபட்டுக் கொணர்ந்த வீணை உறைக்குள் உறங்கத் தொடங்குகிறது. ஆகவே, இசைக்கென ஓர் அறை வேண்டுமாயின், அதனை அஸ்திவாரத்துக்கு முன்பே தீர்மானித்தல் அவசியம்.

முதலாவது திசை. தில்லியில் மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 45 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. மேற்குச் சுவர் பிற்பகல் வெயிலை உறிஞ்சி, இரவில் அறைக்குள் உமிழும். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் பதிந்தவை என்பதை நேயர்கள் அறிவர். மெழுகு இளகினால் மெட்டு நகரும், சுரம் பிசகும். எனவே, மாடிப்படியையும் குளியலறையையும் மேற்கே ஒதுக்கிவிட்டு, இசையறையைக் கிழக்கிலோ தெற்கிலோ அமைப்பது நலம். தெற்குச் சாளரத்தின் மேல் சிறு வெயில் மறைப்பு இருந்தால், கோடையில் உச்சியில் நிற்கும் சூரியனை அது தடுக்கும். குளிர்காலத்தில் தாழ்ந்து வரும் கதிரை உள்ளே விடும். கூலரின் ஈரக்காற்று நேரே படும் இடத்தில் மிருதங்கத்தை வைத்தலாகாது. அதன் தோல் தளர்ந்துவிடும்.

அடுத்தது வடிவம். நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமாயுள்ள அறையில் சில தாழ்ந்த சுரங்கள் மட்டும் அளவுக்கு மீறி முழங்கும். 15 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் என வேறுபடுத்தினால் அக்குறை பெரிதும் தணியும். ஏறத்தாழ 4 அடி நீளமுள்ள வீணையுடன் ஐவர் அமரவும் இடம் கிடைக்கும். வெறும் சுவரின் எதிரொலியைக் குறைக்க நூலடுக்கும் பவானி ஜமக்காளமும் உதவும்.

ஒலி வெளியே செல்லாமல் தடுப்பது வேறு காரியம். அதற்குக் கனம் வேண்டும். சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டுவது பயனற்ற வேலை. 9 அங்குலச் செங்கற்சுவர் ஒலியை நன்கு தடுக்கும். ஆனால், கதவின் கீழுள்ள விரலளவு இடைவெளி அவ்வளவையும் வீணாக்கிவிடும். நம் பழைய வீடுகளைப்போல் உயர்ந்த வாசற்படியும் கனத்த மரக்கதவும் வைத்தால் அந்த இடைவெளி அடையும். அண்டை வீட்டோடு ஒட்டிய பொதுச்சுவரின் பக்கம் இவ்வறை வரலாகாது.

நவராத்திரியில் இதுவே கொலுவறையும் ஆகுமாதலால், பொம்மைப் பெட்டிகளுக்குப் பரண் ஒன்றையும் வரைபடத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள்.